சாம்பிள் ரேட் குளறுபடியான கச்சேரிப் பதிவை மென்பொருளால் முழுதாக மீட்க முடியுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. ஒரு மணி நேரக் கச்சேரி 65 நிமிடம் 18 வினாடி ஓடுகிறது, குரல் கனத்துவிட்டது என்பது ஒன்று. நடுநடுவே 'டிக்' சத்தம் கேட்பது இன்னொன்று.

முதலாவது பைசா பெறாத பிரச்சினை. வினாடிக்கு 48,000 சாம்பிளாக, அதாவது ஒலியை அத்தனை முறை அளந்து, பதிவு செய்ததை 44,100 என்று நினைத்து மென்பொருள் ஓட்டுகிறது, அவ்வளவுதான். ஐந்து கட்டையில் பாடியவர் நாலுக்கும் நாலரைக்கும் நடுவே போய் நிற்பார். கட்டைக் கணக்கில் வைத்த சுருதிப்பெட்டியோடு சேராது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டிராக்கின் பெயர் மேல் விரியும் பட்டியலில் 'ரேட்' என்பதை 48,000 ஆக்குங்கள். புராஜெக்ட் ரேட்டும் அதுவாகவே இருக்கட்டும். ஒரு சாம்பிள்கூட மாறாது. 'ரீசாம்பிள்' பக்கம் போக வேண்டாம், அது சாம்பிள்களையே புதிதாகக் கணக்கிடும் வேறு வேலை. சுருதியை மட்டும் ஏற்றும் 'பிட்ச்' எஃபெக்டும் வேண்டாம், தாளவாத்தியம் குழைந்துவிடும்.

'டிக்' அப்படியல்ல. டிஜிட்டல் கேபிளில் இணைத்த இரண்டு கருவிகளும் தத்தம் கடிகாரத்தில் ஓடியிருந்தால் இப்படி வரும். வேகம் துளி வித்தியாசப்பட்டாலும் அவ்வப்போது சில சாம்பிள்கள் விழுந்துபோகும், அல்லது இரண்டு முறை வரும். டீகிளிக் மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஓட்டையை அடைக்கும், அதுவும் ஊகம்தான். தம்பூரா மேல் விழுந்த டிக் சுவடில்லாமல் போய்விடும். ஆனால் மிருதங்கத்தின் 'சாப்பு' விழும் தருணத்தையே டிக் என்று எண்ணி மழுக்கிவிடவும் செய்யும். அதனால் முழுக் கோப்புக்கும் போடாமல், டிக் கேட்கும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் போடுங்கள்.

மீட்கவே முடியாதது ஒன்று உண்டு. யாராவது மிக உயர்ந்த அதிர்வெண்களை முதலில் நீக்கும் வடிகட்டி இல்லாமல் ரேட்டைக் குறைத்திருந்தால், உதாரணமாக 44,100-ஐ ஒன்றுவிட்டு ஒரு சாம்பிள் எடுத்து 22,050 ஆக்கியிருந்தால், ரேட்டில் பாதிக்கு மேலுள்ள ஒலி அதில் அடங்காது என்பதால் 15,000 ஹெர்ட்ஸ் ஒலி மடங்கி 7,050-இல் வந்து உட்காரும். உண்மையான 7,050 எது, மடங்கி வந்தது எது என்று பிரிக்கும் தகவல் அந்தக் கோப்பில் கிடையாது. இப்போதைய ஏஐ கருவிகள் இழந்த உயர் அதிர்வெண்களை அழகாக நிரப்பித் தரும், சரி. ஆனால் அது பாடகர் பாடியதல்ல. பேச்சுப் பதிவு என்றால் சகித்துக்கொள்வேன், கச்சேரிக்கு மாட்டேன்.

மெமரி கார்டில் மூலக்கோப்பு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எதையும் தொடுமுன் அதற்கொரு நகல் எடுத்துவிடுங்கள்.