நாக்குப் பக்கம் கிளிப் போட்ட பிறகு பேச்சு குழறுகிறதா?

ஒரு வாசகியின் கேள்வி இது: “வயது 31. வெளியே தெரியக் கூடாது என்று பல்லின் உள்பக்கம் கிளிப் போட்டுக்கொண்டேன், மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும். இன்றோடு 9 நாள். ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பது என் வேலை. ‘சரி’ என்று சொன்னாலே வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல விழுகிறது. நாக்கு நுனியெல்லாம் புண். பிள்ளைகள் ‘டீச்சர், உங்க மைக் சரியில்ல’ என்கிறார்கள். இது சரியாகுமா? கழற்றிவிட்டு வெளிப்பக்கமே போட்டுக்கொள்ளலாமா? மூன்று வாரத்தில் ஒரு பாடத்தை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும்.”

கழற்ற வேண்டாம். 9ஆம் நாளில் எடுக்கிற முடிவு இல்லை அது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், கேட்பவர் கவனிக்காத அளவுக்குப் பேச்சு திரும்பிவிடும். சிலருக்கு இரண்டு மூன்று மாதம் இழுக்கும். வெளிப்பக்க கிளிப்பில் உதடும் கன்னமும் படுகிற பாட்டை உள்பக்க கிளிப்பில் நாக்கு படுகிறது. இதைப் போடுவதற்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ‘யாருக்கும் தெரியாது’ என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு, நாக்கைப் பற்றிப் பேசாமல் விடுவது எங்கள் துறையில் இருக்கிற ஒரு கெட்ட பழக்கம்.

‘ஸ்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் நடுவில் சின்ன வாய்க்கால் போல ஒரு பள்ளம் விழும். காற்று அதன் வழியாக மெல்லிய கீற்றாக வந்து முன்பல்லில் மோதும். நாக்கு நுனிக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மிகச் சிறியது. சரியாக அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இப்போது ஓரிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகம் உட்கார்ந்திருக்கிறது. காற்று சிதறாமல் என்ன செய்யும்?

எல்லா எழுத்தும் கெட்டுப்போவதில்லை. க, ப, ம, வ போன்றவற்றுக்கு நாக்கு நுனியே வேண்டாம். எல்லோரும் பயப்படுகிற ழகரம் உங்களை அவ்வளவாகப் படுத்தாது. ழ, ள, ட, ண நான்குக்கும் நாக்கு மேல்நோக்கி வளைந்து பின்னால் போய்விடுகிறது, மேல்பல் கிளிப்பைத் தொடுவதில்லை. ல, ன, ற, ர ஆகியவை ஈறுக்குச் சற்று மேலே உருவாவதால் கிளிப்பின் ஓரம் உரசும். நேராக இடிப்பது த, ந இரண்டும்தான். இலக்கணத்தில் ‘அண்பல் அடி’ என்பார்களே, அதாவது மேல்பல்லின் அடி, நாக்கு போய்த் தொட வேண்டிய அந்த இடத்தில் இப்போது கிளிப் இருக்கிறது. அதோடு, காற்று சிதறுகிற ச. இப்போது உங்கள் பாடத்தை நினைத்துப் பாருங்கள்: சமன்பாடு, சதுரம், சதவீதம், தசமம், சைன், காஸ். வரலாறு நடத்தியிருந்தால் கொஞ்சம் தப்பித்திருப்பீர்கள்!

முதலில் புண்ணை ஆற்றுங்கள். நாக்கு வலித்தால் தானாகப் பின்வாங்கும், பின்வாங்கிய நாக்கோடு எவ்வளவு பயிற்சி செய்தாலும் தப்பான இடம்தான் பழகும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளியுங்கள். கிளினிக்கில் கொடுத்த மெழுகை, பட்டாணியில் பாதி அளவுக்குக் கிள்ளி உருட்டி, குத்துகிற இடத்தைச் சுத்தமான டிஷ்யூவால் ஈரம் போகத் துடைத்துவிட்டு அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டாது. பலர் மெழுகே வேஸ்ட் என்று விட்டுவிடுவது இதனால்தான். கம்பி முனை குத்துகிறது, கிளிப் ஒன்று ஆடுகிறது, அல்லது புண் இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் மெழுகோடு மல்லுக்கட்டாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்றையும் கண்ணாடியில் பாருங்கள். கடைவாய்ப் பல்லின் மேல் நீல நிறத்தில் சின்ன மேடு ஏதாவது வைத்திருக்கிறார்களா? கடிக்கும்போது கிளிப் பெயராமல் இருக்க அப்படி வைப்பதுண்டு. ‘ஸ்’ ஒலிக்கு இரண்டு தாடையும் கிட்டத்தட்ட மூட வேண்டும், அந்த மேடு மூட விடாது. அப்படியிருந்தால் குழறலில் ஒரு பங்கு அதனுடையது. அதை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டு வையுங்கள், நீங்களாகத் தேய்க்க வேண்டாம்.

சரி, பயிற்சி. தினமும் பத்து நிமிடம், அடுத்த நாள் எடுக்கப்போகிற பாடத்தையே சத்தமாக, வழக்கமான வேகத்தில் பாதி வேகத்தில் படியுங்கள். தடுக்குகிற சொல்லைப் பென்சிலால் வட்டமிடுங்கள். நாலு நாளில் அதே பதினைந்து இருபது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும், உழைப்பை அவற்றின் மேல் மட்டும் காட்டினால் போதும். ‘த-ச-மம்’ என்று உடைத்துச் சொல்லி, பிறகு சேருங்கள். ‘ஸ்’ வரவே மறுத்தால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது: முதலில் ‘ட்’ சொல்லுங்கள், அதே மூச்சில் நாக்கை லேசாகத் தளர்த்திக் காற்றை விடுங்கள். ‘ட்ஸ்ஸ்’ என்று வரும். நாக்கு பின்னாலிருந்து வருவதால் கிளிப்பில் இடிக்காமல் நிற்கப் பழகும். பிறகு ‘ட்’டை உதிர்த்துவிடலாம்.

செய்யக் கூடாதவை இரண்டு. வெட்கத்தில் உதட்டை அரைகுறையாகத் திறந்து முணுமுணுப்பது ஒன்று, அப்போது நன்றாக வரும் எழுத்துகளும் கெடும். ‘ஸ்’ வரவில்லை என்று நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டிச் சமாளிப்பது இன்னொன்று. அது பழக்கமாகிவிட்டால் கிளிப் கழற்றிய பிறகும் கொஞ்ச நாள் கூடவே வரும். இப்போது எச்சில் அதிகமாக ஊறுவது இயல்புதான். வாக்கியம் தொடங்கும் முன் ஒருமுறை விழுங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் தெளிவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவரை போகாது.

மைக் விஷயத்தில் பிள்ளைகள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உதட்டுக்கு நேரே, மிக நெருக்கமாக இருக்கும் மைக் ‘ஸ்’ சீறலைப் பெரிதாக்கிக் காட்டும். வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். நம் குரல் எலும்பு வழியாகவும் நம் காதுக்குப் போவதால், மற்றவர் கேட்பதையும் நாம் கேட்பதையும் ஒன்றாக நினைக்க முடியாது. இன்றைக்கு ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து வையுங்கள், ஒரு வாரம் கழித்து அதே பத்தியை மறுபடி பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

வீடியோ பதிவை நாள் கடத்தாமல் மூன்றாவது வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். கம்பியை மாற்றவோ முறுக்கவோ போகிற நாளுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் மட்டும் வேண்டாம், வலியில் நாக்கு மறுபடி ஒதுங்கும். பதிவு செய்கிற அன்றைக்கு முன்பல்லில் மெழுகு வைக்காதீர்கள். மெழுகு வழவழப்பாக்கும், ஆனால் தடிமனையும் கூட்டும், ‘ஸ்’ இன்னும் மோசமாகும். வைத்தே தீர வேண்டும் என்றால், அதற்கு முந்தின நாட்களின் பயிற்சியையும் மெழுகோடேயே செய்யுங்கள்.