கீறல் விழுந்த கல்யாண டிவிடியை டூத்பேஸ்ட் தேய்த்துச் சரிசெய்ய முடியுமா?

சில கீறல்கள் சரியாகும். பேஸ்ட்டை எடுக்கும் முன் டிஸ்க்கை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை போல வெளிச்சம் ஊடுருவி வந்தால், அந்த இடத்தில் பளபளப்புப் பூச்சே போய்விட்டது, தேய்த்துப் பயனில்லை. சிடிக்கு இது அதிகம் நடக்கும். 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கின் மேல்பக்கம், வெறும் வார்னிஷுக்குக் கீழேதான் தகவல் இருக்கிறது. பெயர் எழுதும் பக்கத்தில் விழும் கீறல்தான் சிடிக்கு எமன். டிவிடி அப்படியில்லை, 0.6 மி.மீ. தகடுகள் இரண்டுக்கும் நடுவே தகவல் பத்திரமாக இருக்கும். அடிப்பக்கக் கீறல் லேசரைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான்.

நான் இருப்பது கோத்தகிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையே பூசணம் பூக்கும் ஊர், டிஸ்க் எம்மாத்திரம்? 'கீறல்' என்று அக்கம்பக்கத்தில் காட்டுகிற பலவும் பூசணமும் கைரேகையும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, பழைய பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள். தகவல் சுருள் பாதையில் ஓடுவதால், அதே திசையில் விழும் கீறல் ஒரே இடத்தில் நிறைய விழுங்கிவிடும். குறுக்குக் கீறலைப் பிளேயரே பெரும்பாலும் சமாளிக்கும். சிடியில் பாதை நெடுக சுமார் 2.5 மி.மீ. விட்டுப்போனாலும் பிழைதிருத்தம் நிரப்பிவிடும்.

கழுவியதை வெயிலில் காயவைக்காதீர்கள். நம் ஊரில் வெயில் தலைகாட்டினால் எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோகிற பழக்கம் இருக்கிறது. கல்யாண டிவிடி பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எழுதிய வகை, அதில் தகவலைத் தாங்கும் சாயம் வெயிலில் வெளுக்கும். கீறலே இல்லாமல் திக்கினால் சாயத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று: குளிரில் கிடந்த பிளேயரைக் கணப்பு போட்ட அறைக்குக் கொண்டுவந்த கையோடு ஓட்டினால் லென்ஸில் ஈரம் கட்டும். கொஞ்ச நேரம் விட்டுப் போடுங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் பேஸ்ட். ஜெல் வேண்டாம், சாதாரண வெள்ளைப் பேஸ்ட். பித்தளை விளக்குக்குப் போடும் பிராசோ இன்னும் மேல் என்பது என் கட்சி. கீறல் உள்ள இடத்தில் மட்டும், அதே நேர்திசையில் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். பள்ளம் நிரம்பாது, அதன் விளிம்பு மழுங்கும். ஒளி நேராகப் போக அதுவே போதும். ப்ளூ-ரேயில் மட்டும் கைவைக்காதீர்கள், தகவல் 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது.

ஓட ஆரம்பித்ததும் உட்கார்ந்து படம் பார்க்காமல் உடனே நகலெடுங்கள். கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தால் 'டிடிரெஸ்க்யூ' என்ற நகலெடுக்கும் மென்பொருள் இலவசம்: நன்றாகப் படிக்கும் இடங்களை முதலில் அள்ளிவிட்டு, பிறகுதான் முரண்டு பிடிக்கும் இடங்களுக்குத் திரும்பும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கலாம். நண்பரின் பழைய லேப்டாப்பில் டிரைவ் இருந்தால், எதுவரை படித்தது என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் மேப் கோப்பையும் அரைகுறை நகலையும் கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.