ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் டொம்காட் சேர்வர் ஒவ்வொரு லினக்ஸிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது ஏன்? எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கு வைக்க முடியாதா?

முடியும், பாதி வேலை ஏற்கெனவே நடந்தும் இருக்கிறது. மிச்சப் பாதிதான் ஆளைக் களைக்க வைக்கிறது.

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்வர்களைப் பராமரிக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் லப்டொப்பில் உபுண்டு, வாடிக்கையாளரின் சேர்வரில் ரொக்கி லினக்ஸ் என்ற இன்னொரு வகை. முதலில் அவர்கள் குழம்புவது பெயரில். உபுண்டுவில் டொம்காட்9, டொம்காட்10 என்று எண் ஒட்டியிருக்கும். மற்றதில் வெறும் டொம்காட். அந்த எண்ணை எடுத்துவிடச் சொல்வோரும் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. பத்தாம் பதிப்பில் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய நிரல் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டன. ஒன்பதுக்கு எழுதிய செயலியை மாற்றாமல் பத்தில் ஓட்ட ஏலாது. எண் கண்ணில் படுவது நல்லதுதான்.

கோப்புறைகள் அவ்வளவு சிக்கலில்லை. 'கட்டலினா ஹோம்' என்பது நிரல் இருக்கும் இடம், 'கட்டலினா பேஸ்' என்பது உங்கள் அமைப்புகளும் செயலிகளும் இருக்கும் இடம். இந்தப் பிரிவினை டொம்காட்டிலேயே உண்டு, லினக்ஸ்களில் நிறுவக் கிடைக்கும் பொதிகளும் பெரும்பாலும் அதையொட்டித்தான் இருக்கின்றன. இது விளங்கினால் எந்த லினக்ஸிலும் வழி தெரியும்.

உண்மையில் நாளைத் தின்பது எழுதும் அனுமதி. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் டொம்காட் சேவையை, சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறது. குறித்த சில கோப்புறைகளுக்கு வெளியே செயலி படமொன்றைச் சேமிக்கப் போனால் 'வாசிக்க மட்டும்' என்று பிழை வரும். அனுமதியை 777 ஆக்கி, எல்லாரும் எழுதலாம் என்று திறந்துவிட்டாலும் சரிவராது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, 'ரீட்ரைட்பாத்ஸ்' வரியில் அந்தக் கோப்புறையைச் சேர்க்க வேண்டும். அந்தக் காவலைக் கழற்றிவிடாதீர்கள், அது தேவை. செயலி எழுதுவதற்கென்று ஒரே கோப்புறையை எல்லா லினக்ஸும் ஒத்துக்கொண்டால், எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்குப் பெரிய உதவி.

ஆனால் செயலிகளையும் பொதியாக்கிவிடலாம் என்ற ஆசை வேண்டாம். செயலியைக் கட்டித் தரும் ஒவ்வொரு வார் கோப்பும் தனக்கு வேண்டிய ஜார்களை, அதாவது ஜாவா நூலகக் கோப்புகளை, தன் வயிற்றிலேயே சுமக்கிறது. பொதி கட்டும் லினக்ஸ்காரருக்கோ ஒரு ஜார் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 2021 டிசம்பரில், பல ஜாவா செயலிகள் பதிவெழுதப் பயன்படுத்தும் லொக்4ஜே நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. டெபியன் தன் பொதியைத் திருத்தியது, வாருக்குள் கிடந்த பிரதியை அது தொடவில்லை. சேர்வரை லினக்ஸ்காரர் பார்க்கட்டும். வாருக்குள் இருப்பதை, அதைக் கட்டிய குழுதான் திறந்து பார்த்து மாற்ற வேண்டும்.