ராணுவம் சின்னது, ஆனால் நாடு பணியவில்லை. எப்படி?

வளைகுடாவில் ராணுவ பலம் இல்லாத சின்ன நாடுகள் பெரிய அண்டை நாடுகளிடம் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். 2017-இல் நான் கத்தாரின் தலைநகர் தோகாவில் வேலையில் இருந்தேன். பார்த்ததையே சொல்கிறேன்.

ஜூன் 5, நோன்பு மாதம். சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன என்று காலையிலேயே செய்தி. கத்தாருக்கு இருக்கும் ஒரே தரைவழி சவூதி எல்லைதான், அதுவும் அடைபட்டது. சாயங்காலம் கடைக்குப் போனால் பால் அலமாரி துடைத்துவைத்த மாதிரி காலி. நானும் ரெண்டு மூட்டை அரிசி தூக்கிக்கொண்டு வந்தேன். ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் அவர்களும் கிளம்பிவிட்டார்கள்!

சில நாளில் அதே அலமாரியில் துருக்கிப் பால். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் மோரை வாங்கி வந்து டீ போட்டு, எல்லாம் திரிந்துபோன கதையும் உண்டு. ஈரானிலிருந்தும் காய்கறி வந்தது. துருக்கி நாடாளுமன்றம் ஜூன் 7-ஆம் தேதியே கத்தாருக்குப் படை அனுப்ப ஒப்புதல் கொடுத்துவிட்டது. அமெரிக்காவின் பெரிய விமானத் தளம் கத்தாரின் அல் உதெய்தில் ஏற்கெனவே இருந்தது. சொந்தப் படை சின்னதுதான், கூட்டு சின்னதில்லை.

பிறகு அந்த நாலு நாடுகளிடமிருந்து 13 நிபந்தனைகள் வந்தன. அதில் ஒன்று, கத்தாரின் செய்திச் சேனல் அல் ஜசீராவை மூடு என்பது. டிவி சேனலை எல்லாம் 'மென்சக்தி', அதாவது படை இல்லாமல் செல்வாக்கால் சாதிக்கும் பலம், என்று ஏதோ அலங்காரப் பொருள் மாதிரி பேசுகிறார்கள். 1996-இல் தொடங்கிய ஒரு சேனலை மூடச் சொல்லி நாலு அரசுகள் எழுதிக் கொடுக்கின்றன என்றால் அது எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

எனக்கு இன்னும் ஆச்சரியம் தருவது டால்பின் குழாய். கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து கடலடியில் அமீரகத்துக்கு எரிவாயு போகிறது. கத்தார் கப்பலுக்கும் விமானத்துக்கும் தடை போட்ட அமீரகம் இந்த வாயுவை வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்தாரும் வால்வை மூடவில்லை. மூடியிருந்தால் ஒருநாள் வீரம், அதற்கப்புறம் 'நம்பி வாங்க முடியாதவன்' என்று உலகச் சந்தையில் பெயர். மூட முடியும், ஆனால் மூட மாட்டேன் என்று நின்றதுதான் பெரிய பலம் என்பது என் கணிப்பு.

இப்படித் தாக்குப்பிடித்தது சும்மா கிடைத்துவிடவில்லை. உள்ளூர் வங்கிகளைத் தாங்க அரசு பல நூறு கோடி டாலர் இறக்க வேண்டியிருந்தது. எரிவாயு இல்லாத நாடாக இருந்தால் கதையே வேறு.

2021 ஜனவரி 5, சவூதியின் அல் உலா நகரில் சமரசம். அல் ஜசீரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த மூன்றரை வருஷமும் வாயு நேராக அமீரகம் போனது. துபாயில் இருக்கும் தம்பியைப் பார்க்க நான்தான் மஸ்கட் வழியாகச் சுற்றிப் போனேன்.