தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் உள்ள கம்பெனிக்குப் புது லோகோ: எழுத்துரு தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

செக்கு எண்ணெய்க் கம்பெனிக்குப் புது லோகோ செய்கிறீர்கள், ஆங்கிலப் பெயர் அழகாக அமைந்துவிட்டது, தமிழ்ப் பெயர் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசையை மாற்றுங்கள். தமிழை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் ஆங்கில எழுத்துருவைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேர்வு ஏராளம். தமிழில் நன்றாக வரையப்பட்டவை கொஞ்சம்தான்.

‘எண்ணெய்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி ‘ண’ இரண்டு முறை, நடுவில் ஒரு கொம்பு, மேலே இரண்டு புள்ளி. தடித்த எழுத்துருவில் போட்டால் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு, சின்ன பாக்கெட்டில் கறுப்புத் திட்டாகத் தெரியும். அதனால் எழுத்துரு பார்க்கும்போது மாதிரி வாக்கியத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் பெயரையே தட்டச்சு செய்து பாருங்கள். சுழியின் உள்வெளி, புள்ளியின் பருமன், கொம்புக்கும் அடுத்த எழுத்துக்கும் உள்ள இடைவெளி, இந்த மூன்றும் போதும்.

தொடங்குவதற்கு அனெக் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியவற்றை அருகருகே வையுங்கள். அனெக்கில் அகலத்தையும் தடிமனையும் தனித்தனியே மாற்றலாம்; நீளமான தமிழ்ப் பெயருக்கு இது பெரிய உதவி. பலூ தம்பி உருண்டையானது, தின்பண்டத்துக்குப் பொருந்தும். பாரம்பரியம் பேசும் எண்ணெய்க்கு எனக்குச் சரியாகப் படவில்லை. இவை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, லோகோவில் பயன்படுத்தத் தடையில்லை. ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும் எழுத்துருவைத் தொடவே வேண்டாம்.

கணினியைத் திறப்பதற்கு முன் பென்சிலில் 3 செ.மீ. கட்டங்களில் முப்பது நாற்பது கிறுக்கல்களாவது போடுங்கள். முதல் பத்தில் செக்கு, எள், சொட்டு எல்லாம் வந்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் எழுத்துக்குள்ளிருந்தே யோசனை வரும்: ண-வின் சுழியைச் செக்கின் சுற்றாக்கலாமா, புள்ளியைச் சொட்டாக்கலாமா என்று. புள்ளியை மாற்றினால் எல்லாப் புள்ளியையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அச்சுப் பிழை போலத் தெரியும். வண்ணம் கடைசியில். அதுவரை கறுப்பு மட்டும்.

இரண்டு மொழியையும் ஒரே பாயின்ட் அளவில் வைத்தால் பெரும்பாலும் ஒன்று மற்றதை அமுக்கும். அளவு எண்ணை மறந்துவிட்டு ‘ட’, ‘ப’ போன்ற நேர்கோட்டு எழுத்தை அளந்து பாருங்கள். அதன் உயரம் ஆங்கிலச் சின்ன ‘எக்ஸ்’ உயரத்துக்கும் பெரிய எழுத்தின் உயரத்துக்கும் இடையில் இருக்கட்டும். செங்குத்துக் கோட்டின் தடிமன் இரண்டிலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் போடுவதைத் தவிர்த்தால் பாதி வேலை குறையும்.

இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துரு கெட்டுப்போகவில்லை. ப்ரிஃபரன்ஸில் ‘டைப்’ பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசருக்கு (எழுத்துகளை அடுக்கும் முறை) மாற்றுங்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றும் முன் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். மாற்றிய பின் உரையாகத் திருத்த முடியாது, திருத்துவதற்கென ஒரு பிரதியைத் தனியே சேமியுங்கள்.

மிஞ்சிய இரண்டு மூன்று வடிவங்களை 15 மி.மீ. அகலத்தில் சாதாரணத் தாளில் அச்சிட்டுக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு கறுப்பில் வெள்ளை எழுத்தாகவும் அச்சிடுங்கள். மை பரவுவதால் வெள்ளைக் கோடு மெலிந்துபோவது அங்கேதான். கறுப்பு எழுத்தில் சுழி அடைபட்டால் எழுத்துருவை மாற்ற வேண்டியதில்லை. சின்ன அளவுக்கென்று சுழியைத் திறந்து, கோட்டை மெலிதாக்கிய இரண்டாவது வடிவம் ஒன்று வரைந்து வையுங்கள்.