வாசகர் கேள்வி-பதில்: எருசலேமுக்குப் பிந்திப் போனவன்

கே: சென்ற இதழில் சிலுவைப்போர் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, "அப்புறம் சொல்கிறேன்" என்று நழுவிவிட்டீர்கள். அந்தத் தளபதிகளில் உங்களைக் கவர்ந்தவர் யார்? சிங்க இதய ரிச்சர்டுதானே? (விருதுநகர் வாசகர்)

ப: இல்லை. அந்த இங்கிலாந்து மன்னரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் ஆள் ரிச்சர்டுக்குச் சுமார் நூறு வருஷம் முந்தியவன், எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்க ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் கிளம்பிய முதல் சிலுவைப்போருக்குப் போன போஹிமண்ட். கவர்ந்தவன் என்றால் வீட்டுக்குள் விடுவேன் என்று அர்த்தமில்லை, தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தெற்கு இத்தாலியைப் பிடித்து ஆண்ட நார்மன் கூட்டத்தில் பிறந்தவன். ஞானஸ்நானப் பெயர் மார்க். ஒரு விருந்தில் அப்பா கேட்ட கதையில் போஹிமண்ட் என்று ஒரு ராட்சதன் வந்தானாம், பிள்ளையும் பெரிய உருவம், விளையாட்டாகக் கூப்பிட்ட பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

அப்பா ராபர்ட்டுக்கும் பட்டப்பெயர் உண்டு: 'கிஸ்கார்', அதாவது தந்திரக்காரன். போஹிமண்ட் மூத்த தாரத்துப் பிள்ளை. அந்தக் கல்யாணம் நெருங்கிய ரத்த உறவில் நடந்தது, செல்லாது என்று ரத்தாகிவிட, அப்பா சலர்னோ இளவரசி ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். 1085-ல் அவர் செத்ததும் பட்டம் சித்தி மகன் ரோஜருக்குப் போனது. ரோஜரின் பட்டப்பெயர் 'போர்சா', பணப்பை. எந்நேரமும் காசை எண்ணிக்கொண்டிருப்பானாம். 1081-ல் அப்பாவோடு கடல் தாண்டிப் போய், இன்றைய அல்பேனியாவில் இருக்கும் டிரக்கியத்தில், பைசாண்டிய (கிழக்கு ரோமானிய) பேரரசர் அலெக்ஸியோஸின் படையை ஓடவிட்டவன் மூத்தவன். ராஜ்யம் காசு எண்ணுகிறவனுக்கு. தம்பியோடு மல்லுக்கட்டி டரான்டோ, பாரி என்று கொஞ்சம் ஊர்களைப் பிடுங்கிக்கொண்டான். இந்தப் பாகப்பிரிவினையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை இதிலிருந்துதான் வருகிறது.

கே: அவர் பக்தியோடு போனாரா, நிலத்துக்காகப் போனாரா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: நெஞ்சைப் பிளந்து பார்க்க நம்மால் முடியாது. நடந்ததைச் சொல்கிறேன். 1096-ல் தம்பியும் சிசிலியை ஆண்ட சித்தப்பாவும் அமால்ஃபி நகரத்தை முற்றுகையிட்டிருந்தார்கள், இவனும் கூட இருந்தான். எருசலேமுக்குப் போகும் கூட்டம் அந்தப் பக்கமாக வந்தது. என்ன ஆயுதம் வைத்திருக்கிறார்கள், என்ன அடையாளம் அணிகிறார்கள், போரில் என்ன முழக்கம் போடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். பிறகு தன் விலையுயர்ந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே கிழித்துச் சிலுவைகளாகத் தைக்கவைத்தான். முற்றுகைக்கு வந்த வீரர்களில் பெரும்பாலோர் இவன் பின்னால் போய்விட்டார்கள், சித்தப்பா கிட்டத்தட்டத் தனியாளாக நின்று, முற்றுகையைக் கைவிட்டுச் சிசிலிக்குத் திரும்பினார். பக்தி இருந்திருக்கலாம். ஆனால் ஒரு துணியைக் கிழித்து ஊர்க்காசில் ஒரு படையைச் சேர்த்த சாமர்த்தியத்தையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் பைசாண்டியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். யாரோடு சண்டை போட்டானோ அதே அலெக்ஸியோஸின் விருந்தாளி! சமைத்த பதார்த்தங்கள் ஒரு பக்கம், பச்சை இறைச்சி ஒரு பக்கம் என்று அனுப்பினார்கள், சந்தேகம் இருந்தால் உன் சமையல்காரனை வைத்தே ஆக்கிக்கொள் என்று. இவன் சமைத்ததைத் தொடவில்லை, கூட வந்தவர்களுக்குத் தாராளமாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, மறுநாள் காலை ஒவ்வொருவரிடமும் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு தரை தெரியாமல் பொன்னும் பட்டும் குவித்த ஓர் அறையைத் திறந்து காட்டியதும், இவ்வளவு இருந்தால் நான் எத்தனையோ தேசங்களைப் பிடித்திருப்பேனே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். எல்லாம் உனக்குத்தான் என்றார்கள். முதலில் வாங்கிக்கொண்டான், அப்புறம் கௌரவம் பார்த்துத் திருப்பினான், மறுபடியும் வாங்கிக்கொண்டான். பேரரசுக்குச் சொந்தமாக இருந்த ஊர்களைப் பிடித்தால் பேரரசரிடமே ஒப்படைப்பேன் என்று சத்தியமும் செய்தான்.

கே: ஆள் பார்க்க எப்படி இருப்பார்? (நெய்வேலி வாசகர்)

ப: இதற்குச் சாட்சி, அலெக்ஸியோஸின் மகள் அன்னா கொம்னேனா. மேலே சொன்ன விருந்துக் கதையும் அவள் சொன்னதுதான். அவன் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, எழுதியது பல பத்தாண்டுகள் கழித்து. மிக உயரமான ஆளைவிட ஒரு முழம் கூடுதல், ஒட்டிய வயிறு, அகன்ற தோள், காதோடு வெட்டிய முடி, நீலக் கண். முகத்தை மழித்திருந்ததால் தாடி என்ன நிறம் என்று தெரியவில்லை என்றுகூட எழுதுகிறாள். சிரித்தால் உறுமல் மாதிரி இருக்குமாம். அப்பாவின் எதிரி, பொய்யன் என்று பக்கம் பக்கமாகத் திட்டுகிறவள், இந்த இடத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைக்க மனமில்லாமல் எழுதிக்கொண்டே போகிறாள். கூடவே, பார்த்தால் பயம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறாள்.

கே: அந்தியோகியாவை ஏமாற்றித்தான் பிடித்தார் என்கிறார்களே? (பாளையங்கோட்டை வாசகர்)

ப: பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்த ஊர், சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்று முதல்முதலில் பெயர் வழங்கியது அங்கேதான். இன்றைய துருக்கியின் அன்டாக்யா. அப்போது துருக்கியர் கையில் இருந்தது. 1097 அக்டோபரில் முற்றுகை ஆரம்பித்தது, மதில் அசையவில்லை. குளிர்காலத்தில் சோறில்லை, குதிரைகள் செத்தன, ஆட்கள் கழன்றுகொண்டார்கள். பேரரசரின் பிரதிநிதியும் பிப்ரவரியில் கிளம்பிவிட்டார். அவரைப் பயமுறுத்தி அனுப்பியதே போஹிமண்ட்தான் என்று அன்னா சொல்கிறாள்.

இதற்கிடையே மதில் கோபுரக் காவலில் இருந்த ஃபிரூஸ் என்பவனோடு இவன் ரகசியத் தொடர்பு வைத்திருந்தான். அதை மூடி மறைத்துக்கொண்டு மற்றத் தளபதிகளிடம் போய், "நம்மில் யார் எந்த வழியிலாவது நகரத்தைப் பிடித்தாலும் அவருக்கே விட்டுவிடலாமே" என்று அப்பாவி மாதிரி கேட்டான். முடியாது, எல்லோரும்தான் கஷ்டப்பட்டோம், எல்லோருக்கும் பங்கு என்றார்கள். மோசூலிலிருந்து துருக்கியத் தளபதி கெர்போகா பெரும் படையோடு வருகிறான் என்ற செய்தி வந்ததும், பேரரசர் உதவிக்கு வராவிட்டால் உனக்கே என்று இறங்கிவந்தார்கள். சத்தியம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கும் அங்கேயே குழி தோண்டியாகிவிட்டது.

1098 ஜூன் 3, விடிவதற்கு முன், ஏணி வைத்துச் சுமார் அறுபது பேர் ஏறினார்கள். ஃபிரூஸ் பதறிவிட்டான்: இவ்வளவு பேர்தானா, போஹிமண்ட் எங்கே? தலைவன் இன்னும் கீழே நின்றுகொண்டிருந்தான்! ஆள் போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தான். ஏணியும் ஒடிந்தது, பக்கத்திலிருந்த சிறு வாசலை உடைத்து மற்றவர்கள் புகுந்தார்கள். அதன் பிறகு உள்ளே நடந்தது படுகொலை. துருக்கியர் என்று நினைத்து வெட்டியதில் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் செத்தார்கள். பிணங்களுக்கு நடுவே தெருவில் நடக்க வழியில்லை என்று சிலுவைப் படையோடு போனவனே எழுதிவைத்திருக்கிறான். போஹிமண்டின் சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டே வந்த எனக்கு இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிப்பு நின்றுபோகிறது.

கே: சரி, எருசலேம் போனாரா இல்லையா? (மன்னார் வாசகர்)

ப: போனான். எருசலேம் விழுந்தது 1099 ஜூலை 15. இவன் தனதாக்கிக்கொண்ட அந்தியோகியாவைக் காவல் காத்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்குப் போனான்.

கே: செத்த சேவலோடு சவப்பெட்டியில் பயணம் செய்தார் என்பது உண்மையா? (ஈரோடு வாசகர்)

ப: சொல்பவள் அன்னா ஒருத்திதான். 1100-ல் துருக்கியத் தலைவன் டானிஷ்மெண்டிடம் பிடிபட்டு, மூன்று வருஷம் கழித்து லட்சம் பொற்காசு மீட்புப் பணத்தில் வெளியே வந்தவன், 1104-ல் ஹரான் போரில் துருக்கியரிடம் தோற்று, ஆள் சேர்க்க ஐரோப்பாவுக்குக் கிளம்பினான். கடல் முழுக்கப் பேரரசரின் கப்பல்கள். அதனால் செத்ததுபோல் சவப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, மூச்சுவிட ஓட்டை போட்டு, நாற்றம் வேண்டுமே என்று கழுத்தை நெரித்த சேவல் ஒன்றை மேலே வைத்துக்கொண்டானாம். துறைமுகங்களில் கூட வந்தவர்கள் ஒப்பாரி வேறு! இதேபோல் பாடையில் ஆளை வைத்து ஏமாற்றிய கதை அவன் அப்பா பேரிலும் உண்டு, அதனால் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் இந்த ஆளைப் பற்றிச் சொன்னால் ஊர் நம்பும் என்பது அன்னாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐரோப்பாவில் ராஜ உபசாரம். 1106-ல் பிரெஞ்சு மன்னரின் மகள் கான்ஸ்டன்ஸையே கட்டிக்கொண்டான். திரட்டிய படையை எருசலேம் பக்கம் திருப்பாமல், இளமையில் ஜெயித்த அதே டிரக்கியத்துக்குக் கொண்டுபோனான். அலெக்ஸியோஸ் இந்த முறை நேருக்கு நேர் மோதவில்லை, வழிகளை அடைத்துப் பட்டினி போட்டார். பசியும் வயிற்றுப்போக்கும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1108-ல் தேவோல் ஒப்பந்தத்தில் பேரரசருக்கு அடங்கியவன் என்று கையெழுத்துப் போட்டான். அந்தியோகியாவை ஆண்டுகொண்டிருந்த சகோதரி மகன் டான்கிரெட், ஒப்பந்தமாவது ஒன்றாவது என்று இருந்துவிட்டான். போஹிமண்ட் அங்கே திரும்பவே இல்லை, 1111-ல் இத்தாலியில் செத்தான்.

கல்லறை கனோசா என்ற ஊரில், தேவாலயத்தை ஒட்டி, சின்னதாக ஒரு குவிமாடத்தோடு இருக்கிறது. வெண்கலக் கதவு இரண்டும் ஜோடி சேராதவை, ஒன்று போல் மற்றது இல்லை. உள்ளே தரைக் கல்லில் பெயர் மட்டும் வெட்டியிருக்கிறார்கள், ராட்சதனின் பெயரை. மார்க் என்ற பெயர் அதில் இல்லை.