மொட்டை மாடியில் கட்டிப்போடுகிறவரிடம் நாயைத் திருப்பிக் கொடுக்கவா?

கேள்வி: அண்ணாச்சி, போன மாதம் ஒரு சாயங்காலம் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் பக்கத்தில் ஒரு லாப்ரடார் நாய் என் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஓடிவந்து வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது. எலும்பும் தோலுமாக இருந்தது, உடம்பெல்லாம் உண்ணி. கழுத்தில் பட்டை இருக்கிறது, பெயரோ நம்பரோ இல்லை. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டேன். பத்து நாள் கழித்து ஒருவர் போன் செய்து, "அது எங்க நாய்தான், இப்ப கொஞ்சம் வேல கிடக்கு, மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போயிருதேன், அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அவர் தெருவில் இருக்கும் என் சித்தியிடம் விசாரித்தால், நாள் முழுக்க மொட்டை மாடியில் கட்டித்தான் கிடக்குமாம், முன்பும் ஒரு தடவை ஓடிப்போயிருக்கிறதாம். எனக்குக் கொடுக்க மனசே இல்லை. எட்டாவது படிக்கும் என் மகன் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டான், ராத்திரி அதன் பக்கத்தில்தான் படுக்கிறான். வீட்டுக்காரரோ, "அடுத்தவன் பொருள் நமக்கு எதுக்கு, கொடுத்துரு" என்கிறார். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் தப்பா? இந்த மாதிரி ஆட்களெல்லாம் எதற்குத்தான் நாய் வளர்க்கிறார்களோ?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் தப்புதான். நீங்கள் எதிர்பார்த்த பதில் இதுவாக இருக்காது, ஆனாலும் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் சட்டம் இருக்கிறது. நாய் என்பது சட்டத்தின் கண்ணுக்கு ஒரு அசையும் சொத்து. வழியில் கிடைத்ததை உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்து வைத்திருப்பது குற்றமில்லை, உரியவர் யாரென்று தெரிந்த பிறகும் நமக்கே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்தப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. நீங்கள் படம் போட்டு, பட்டையைப் பார்த்து, ஆள் வரும்வரை சோறு போட்டு வைத்திருப்பது வரைக்கும் எல்லாமே சரி. நாயைச் சித்தப்பா வீட்டுத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டு "ஓடிப்போச்சு சார்" என்று சொல்லலாமா என்கிற யோசனை (வந்திருக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள்) மட்டும் வேண்டாம்.

ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அவர்தான் உரியவரா என்று பார்க்கவேண்டுமே. "எங்க நாய்தான்" என்று போனில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். லாப்ரடார் மாதிரி ஜாதி நாய் என்றால் இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளவும் கைமாற்றி விற்கவும் ஆள் இருக்கிறது. வருகிறவரிடம் தடுப்பூசிப் புத்தகம் கேளுங்கள், குட்டியாக இருந்தபோது எடுத்த படம் கேளுங்கள். நீங்கள் போட்ட படத்தில் தெரியாத ஒரு அடையாளம், வயிற்றுப் பக்கம் ஒரு தழும்போ பின்னங்காலில் ஒரு வெள்ளைப் புள்ளியோ, அதை நீங்களாகச் சொல்லாமல் அவர் வாயால் சொல்ல வையுங்கள். அப்புறம் அவரை ஒரு பத்தடி தள்ளி நிற்க வைத்து, அவர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். நாய் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்தாலே உங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். வாலை ஆட்டிக்கொண்டு பாய்கிறதா, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஒடுங்குகிறதா என்று.

சரி, அவர் பொறுப்பில்லாதவரா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். மெலிந்திருக்கிறது, உண்ணி இருக்கிறது என்பதை வைத்து ஒரு வீட்டைத் தீர்மானிக்க முடியாது. நன்றாக வளர்ந்த நாய்கூடச் சில நாள் தெருவில் அலைந்தால் விலா எலும்பு தெரியும், புல்லிலும் புதரிலும் படுத்தால் உண்ணி ஏறிவிடும், கல்லெறி வாங்கியிருந்தால் ஆளைக் கண்டு மிரளும். பழைய சங்கதிகள் எங்கே தெரியும் என்றால் நகத்திலும் கழுத்திலும் முழங்கையிலும். நடக்கிற நாய்க்குத் தரையில் உரசி நகம் தானாகவே தேயும், கட்டியே கிடக்கிற நாய்க்கு அது வளர்ந்து வளைந்து நடக்கும்போது டைல்ஸில் டக் டக்கென்று கேட்கும். பட்டையைக் கழற்றி, கீழே ரோமத்தை விலக்கிப் பாருங்கள். சங்கிலி இழுத்து இழுத்து ரோமம் போய், தோல் தடித்து வளையம் மாதிரி இருந்தால் அது ஒரு வாரத்தில் வந்ததில்லை. காங்கிரீட் தரையிலேயே படுத்துக் கிடந்தால் முழங்கையில் காய்ப்புக் காய்த்திருக்கும். இதெல்லாம் இருந்தால் உங்கள் சித்தி சொன்னது உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். சித்தி சொன்னதால் மட்டும் வேண்டாம், நம் ஊரில் எதிர்வீட்டைப் பற்றி விசாரித்தால் எந்தச் சித்தி நல்லதாகச் சொல்லியிருக்கிறார்?

நாய் ஓடிப்போனது என்பதே எனக்குப் பெரிய விஷயமில்லை. நம் பக்கம் ஒரு சுடலை மாடன் கோயில் கொடை விழா நடந்தால் போதும், நடுச்சாமத்தில் போடுகிற வேட்டுச் சத்தத்துக்குக் கட்டியிருக்கிற சங்கிலியையே அறுத்துக்கொண்டு ஓடும். தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். பெட்டை நாய் வாடை காற்றில் வந்தால் கருத்தடை செய்யாத கடுவன் சுவர் ஏறிக் குதிக்கும். காஸ் சிலிண்டர் போட வந்த பையன் கேட்டைத் திறந்து விட்டிருக்கலாம். இதெல்லாம் எந்த நல்ல வீட்டிலும் நடக்கும்.

நான் பார்ப்பது, போன பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான். நாயைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், தங்கச்சி. சாப்பிட மாட்டார்கள், டீக்கடை டீக்கடையாகப் போய்ப் போனில் படத்தைக் காட்டுவார்கள், பால்காரர், குப்பை வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட் என்று ஒருவரை விடமாட்டார்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாயின் பெயரைச் சொல்லித் தெருவில் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். உங்கள் ஆள் பத்து நாள் கழித்துப் போன் செய்கிறார். அது அவருக்குப் படம் தாமதமாகக் கிடைத்ததால் இருக்கலாம், போகட்டும். நாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் "மாசக் கடைசியில வாரேன்" என்கிறாரே, அதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. நாய் சாப்பிடுகிறதா என்றாவது கேட்டாரா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த மொட்டை மாடி இன்னொன்று. கோடையில் வெயில் நிலவரம் சொல்லும்போது பாளையங்கோட்டை பெயர் வராத நாள் குறைவு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். லாப்ரடாருக்கோ குளிர்ந்த தண்ணீரில் நீந்துவதற்கென்றே இரட்டை அடுக்கு ரோமம். அதைக் கொண்டுவந்து தளம் கொதிக்கிற மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் கட்டிப்போட்டால் அதற்குப் பெயர் வளர்ப்பா? பனிப் பிரதேசத்து ஹஸ்கி நாயை வாங்கி வந்து திருநெல்வேலியில் வைத்திருக்கிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

இதற்கும் சட்டம் உண்டு, பலருக்குத் தெரியாது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. ரொம்பக் குட்டையான, ரொம்பக் கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டி வைப்பதும் குற்றம், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க வைக்காமல் இருப்பதும் குற்றம். நாய் என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். போதிய தீனி, தண்ணீர், இருக்க இடம் கொடுக்காததும், கைவிடுவதும் அதே பிரிவில் வரும். சரி, தண்டனை என்ன என்கிறீர்களா? முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்துக் கணக்கு, இன்னும் அப்படியே நிற்கிறது. இந்த 50 ரூபாய்க்குப் பயந்து யாரும் நாயை நடக்கக் கூட்டிப்போகப் போவதில்லை. ஆனாலும் பிரிவு என்று ஒன்று இருப்பது, எழுதிக் கொடுக்கும்போது கைக்கு ஒரு பிடி.

எதற்குத்தான் வளர்க்கிறார்களோ என்று கேட்டீர்கள். நம் கிராமங்களில் ஒரு நாட்டு நாய் இருக்கும், அதற்கு உரியவர் என்று ஒருவர் பேருக்குத்தான் இருப்பார். காலையில் ஒரு வீட்டில் பழையது, மத்தியானம் இன்னொரு வீட்டில் குழம்புச் சோறு, ராத்திரி தெரு முழுக்கக் காவல். யாரும் கட்டிப்போட மாட்டார்கள், எல்லாருக்கும் அதைத் தெரியும், அதற்கும் எல்லாரையும் தெரியும். ஊசியும் கருத்தடையும் இல்லாதது அதில் பெரிய ஓட்டை, அதை நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்த நாய்க்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அதே பழக்கத்தில் வந்தவர்கள், காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, காசு கொடுத்து ஜாதி நாய் வாங்கி, பிள்ளை ஆசைப்பட்டான் என்று ஆறு மாதம் கொஞ்சிவிட்டு, பிள்ளை கோச்சிங் கிளாஸுக்குப் போனதும் மாடியில் கட்டிவிடுகிறார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நாயை ஒரு தடவை வாங்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம் தினமும் காலையும் மாலையும் ஒருவர் நடக்க வேண்டும் என்பதை விற்றவரும் சொல்லவில்லை. சென்னையில் மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கியிருக்கிறது. அரிசி மணி அளவில் ஒரு சிப், கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் ஊசி மாதிரி போட்டுவிடுவார்கள், ஸ்கேனர் வைத்தால் எண் தெரியும். அதெல்லாம் இருக்கட்டும், பட்டையின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் போன் நம்பர் எழுதியிருந்தால் அன்றைக்கு ராத்திரியே இந்த நாய் வீடு போயிருக்கும்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன், இது அவசரம். ஊசி போட்டதா என்று தெரியாத நாயோடு பிள்ளையைப் படுக்க விடாதீர்கள். விளையாட்டில் பல் பட்டிருந்தாலோ, நகம் கீறியிருந்தாலோ, ஆறாத புண்ணில் நக்கியிருந்தாலோ, சின்னதுதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்கக்கூடாது. பட்ட உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். முன்பே பட்டிருந்தால் இப்போதாவது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள், ஊசி இலவசம், எத்தனை தடவை வரச் சொல்கிறார்களோ அத்தனை தடவையும் போக வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அனேகமாக இல்லை, அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். நாயை அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, ஆற்றைத் தாண்டி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கூட்டிப்போய்க் காட்டுங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவச் சொல்லுவார்கள், தடவாதீர்கள், தோல் வெந்துவிடும், நக்கினால் வயிற்றுக்கும் கேடு. கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வாங்கி வையுங்கள், நாய் வந்த நாளில் இருந்த கோலத்தைக் காட்டும் படங்களையும் அழித்துவிடாதீர்கள்.

இனி அவரிடம் எப்படிப் பேசுவது. குரூப்பில் அவரைத் திட்டி எழுதாதீர்கள், அதற்கு நாலு பேர் கைதட்டுவார்கள், அவர் ரோஷத்துக்காகவே வந்து நாயைப் பிடித்துக்கொண்டு போய் இன்னும் குட்டையாகக் கட்டுவார். போனில் கூப்பிட்டு, "சார், நாய் நல்லா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டியிருக்கோம், மாசக் கடைசி வரைக்கும் முடியாது, இந்த வாரம் ஊசிப் புத்தகத்தோட வாங்க" என்று சொல்லுங்கள். வந்தால் காபி கொடுத்து உட்கார வைத்து, குற்றம் சாட்டாமல், "வீட்ல யாரு சார் பாத்துக்கிடுதா?" என்று கேளுங்கள். முடிந்தால் அவர் மனைவியையும் கூட்டிவரச் சொல்லுங்கள். பல வீட்டில் வாங்கியது ஒருவர், அள்ளிக் கொட்டுவது இன்னொருவர். அந்த அம்மாவே வாயைத் திறந்து "எங்களால முடியலம்மா" என்று சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. அந்த இடத்தில், "பாக்க முடியலைன்னா எங்க வீட்லயே இருக்கட்டும், நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். இதற்கு முன் வீட்டுக்காரரிடம் பேசி முடித்திருக்க வேண்டும், தெரிகிறதா? காலையில் ஆறு மணிக்கு யார் நடக்கக் கூட்டிப்போவது என்பது உட்பட. மகன் கூட்டிப்போவான் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அவர் சம்மதித்தால் வாய்ப்பேச்சோடு விட வேண்டாம். வெள்ளைத்தாளில் நாயின் இனம், நிறம், வயது, அடையாளம் எழுதி, இந்தத் தேதியிலிருந்து இன்னாரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஊசிப் புத்தகத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர் மச்சினன் வந்து கேட்டாலும் தாள் இருக்கும்.

சம்மதிக்கவில்லை, எனக்கு வேண்டும் என்கிறார், அடையாளமும் சரியாக இருக்கிறது என்றால், கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது நம்பர் எழுதிய ஒரு புதுப் பட்டை போட்டுக் கொடுங்கள், டாக்டர் எழுதிய சீட்டையும் சேர்த்து. ஒரு மாதம் கழித்துச் சித்தியை அந்த மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள், நிழலும் தண்ணீரும் இருக்கிறதா, நாய் இறங்கி நடக்கிறதா என்று. பழையபடியே கிடந்தால், முதலில் இன்னொரு தடவை நேரில் போய்ச் சொல்லுங்கள், அப்புறமும் மாறவில்லை என்றால் பழைய படம், புதிய படம், டாக்டர் சீட்டு மூன்றையும் வைத்து, 11ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். மனு ரசீதைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.